மொட்டைத் தலையோடு நிலாத்துறைக்கு

என் பெயர் கோ தியம்லாய். வயது இருபத்தொன்று. தாபே கிராமத்தில் சிப்பி எடுத்து விற்ற கோ பெங்கின் ஒரே மகன். சீனப் பேரரசர் வான்லியின் முப்பத்தேழாம் ஆண்டு, ஐந்தாம் மாதம். நிலாத்துறைக்கு வெளியே, காவல் தீவுக்கும் கரைக்கும் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும், சுவா தண்டல் தலைவராக இருக்கும் கப்பலில், பாய்மரத்துணி அடுக்கி வைக்கிற அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் நம் ஊர் மலை தெரிகிறது. இறங்கத்தான் முடியாது.

அக்கா, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் கப்பலின் எழுத்தர் ஓங். பயத்தில் எனக்கு வாய் குழறுகிறது. மெதுவாகச் சொல்லு, கை வலிக்கிறது என்கிறார். நடந்ததையெல்லாம் சொல்லாமல் கடைசியில் கேட்கப் போவதை மட்டும் கேட்டால் உனக்கும் அத்தானுக்கும் ஒன்றும் புரியாது. அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

மணிலாவுக்குப் போன இரண்டாம் வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தது. நம் ஆட்கள் குடியிருக்கும் பரியான் சந்தையில் அப்போது வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். ரொட்டி சுடுகிற அடுப்புக்கு முன்னால் நான் மயங்கி விழுந்ததும், கடைக்காரர் என்னை ஒரு பலகையில் போட்டு, காஸ்தீலா பாதிரிகள் நம்மவர்களுக்கென்று கட்டிய வைத்தியசாலையில் கொண்டுபோய் விட்டார். காஸ்தீலாக்காரர்கள் என்றால் ஸ்பெயின் ராஜாவின் ஆட்கள். அந்த ஊரை ஆளுகிறவர்கள்.

எனக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவன் மூன்றாம் நாள் போனான். அந்தப் பக்கம் படுத்திருந்தவன் ஐந்தாம் நாள். இரண்டு பேருக்குமே போவதற்கு முன்பு பாதிரி தலையில் தண்ணீர் ஊற்றி வேறு பெயர் வைத்தார். அங்கே வழக்கம் அதுதான். பிழைக்க மாட்டான் என்று தெரிந்தால் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிக்கொண்டவனுக்குப் பெட்டி உண்டு, குழி உண்டு, பின்னால் நடந்து வர நாலு பேர் உண்டு. ஊற்றிக்கொள்ளாதவனை ஆற்றங்கரையில் தள்ளிவிடுவார்கள் என்று பரியானில் பேச்சு. அது நிஜமா என்று நான் பார்த்ததில்லை. பார்க்காததற்குத்தான் அதிகம் பயந்தேன்.

பாதிரி மத்தேயோ என் பக்கத்தில் உட்கார்ந்தார். நம் பேச்சையே பேசுவார், தொண்டையில் மீன்முள் சிக்கியவர் பேசுகிற மாதிரி. ஒன்பது நாள் அவர் கையாலேயே எனக்குக் கஞ்சி ஊட்டினார், அக்கா. அதை நான் மறைக்கக் கூடாது.

"தியம்லாய், ஊத்திக்கிறியா?" என்று கேட்டார்.

"ஊத்துங்க சாமி," என்றேன்.

"முடி எடுக்கணும். தெரியுமில்ல? பழைய ஆளு போயிட்டான்னு அதுதான் அடையாளம்."

சாகப் போகிறவனுக்கு முடி எதற்கு என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி, அம்மா எண்ணெய் வைத்து உச்சியில் முடிந்துவிட்ட முடி. செத்துப்போன பிறகு அதை யார் கேட்கப் போகிறார்கள் என்று தலையை ஆட்டினேன்.

பரியானில் முடி திருத்துகிற லிம் கூன் வந்தார். வாய் ஓயாத மனிதர். கொண்டையை அவிழ்த்துக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இவ்வளவு நல்ல முடிய வச்சுக்கிட்டு சாகலாமாடா? எந்திரிச்சு ஓடுடா," என்றார். பாதிரி முறைத்ததும் வெட்டினார். கழுத்து மட்டத்தில், காஸ்தீலாக்காரர்களுக்கு இருக்கிற மாதிரி. எனக்குப் பெர்னாபே என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு நான் பிழைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அந்த அறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களில் பிழைத்தவன் நான் ஒருவன்தான். பாதிரி அதை அற்புதம் என்று ஊரெல்லாம் சொன்னார். லிம் கூன் என்னைக் கண்டபோதெல்லாம், "வாடா செத்தவனே," என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து என் கழுத்துக்குப் பின்னால் யாரோ நின்று மூச்சு விடுகிற மாதிரியே இருந்தது. முடி இருந்த இடத்தில் காற்று படுவதுதான். ஆனாலும் நூறு தடவை திரும்பிப் பார்ப்பேன்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பினோந்தோவில் இருக்க வேண்டும், முடியையும் மறுபடி வளரவிடக் கூடாது. அங்கேயே ஒரு ரொட்டி அடுப்பில் வேலை கிடைத்தது. தினமும் காலையில் பாதிரி சொல்லிக் கொடுக்கிற ஜெபங்களைப் படித்தோம். நம் பேச்சில் சிலது, அவர்களுடைய லத்தீனில் சிலது. லத்தீனில் இருப்பது ஒரு வார்த்தைகூடப் புரியாது. தப்பில்லாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் நன்றாகச் சொல்வேன். கெட்டதாக ஒன்றுமே நடக்கவில்லை, அக்கா. ஆனால் கோட்டைச் சுவரில் இருக்கிற பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கவில்லை. பரியானைப் பார்த்து நின்றன. ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டுப்பட்டது உனக்கும் தெரியும். முடி வெட்டினவனா வெட்டாதவனா என்று அன்றைக்கு எல்லோரும் தலையைப் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்? 'மறுபடியும் வரப்போகுது' என்று இந்த வருஷமும் ரொட்டிக் கடையில் தினம் ஒருத்தர் சொன்னார்.

இரண்டாம் மாதம் ஊரிலிருந்து வந்த கப்பலில் அப்பா போன செய்தி வந்தது. போய் நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் கும்பிடுகிற பலகையில் அப்பா பெயர் எழுதி வைத்திருப்பதாகவும், அதற்கு முன்னால் ஊதுபத்தி ஏற்ற மகன் இல்லாமல் அம்மா தினமும் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மட்டும் வருவதாகவும் அந்த ஆள் சொன்னான்.

பாதிரியிடம் போனேன். "சாமி, எங்கப்பா பேரை ஒரு பலகையில எழுதி ஒரே ஒரு ஊதுபத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம் பெர்னாபே. அது பலகை. அவருக்காக நீ ஜெபம் பண்ணலாம்."

"அவர் இப்ப எங்க இருப்பார் சாமி?"

பாதிரி பொய் சொல்லத் தெரியாதவர். "தண்ணி வாங்காம போனவங்க..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, என் தோளைப் பிடித்தார். அவர் முடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்றைக்கே ஊருக்கு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்த பிறகுதான் நான் எதற்குள் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டவன் ஊருக்குத் திரும்பக் கூடாது. போனால் பழையபடி பலகையைக் கும்பிடுவான் என்று துறையிலேயே பிடித்துவிடுவார்கள். அதைத் தாண்டினாலும் இந்தப் பக்கம் நிலாத்துறையில் அதிகாரி ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். முடி வெட்டின தலை என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று, ஜப்பான் கடற்கொள்ளைக்காரர்களோடு சேர்ந்து தலை சிரைத்துக்கொண்டவன். இல்லாவிட்டால், வெளிநாட்டு ராஜாவுக்கு ஆள். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான்.

லிம் கூனிடம் சொல்லி அழுதேன். அவர் சுவா தண்டலிடம் போய், "முடி வெட்டின பையன் ஒருத்தன் இருக்கான், ஏத்திக்குவீங்களா?" என்று என் பெயரைச் சொல்லாமல் கேட்டுப் பார்த்தார். "அவன் தலையோட சேர்த்து என் தலையும் போகும். வேற பேச்சு பேசு," என்றாராம் தண்டல்.

"பொய்முடி வச்சுக் கட்டுங்க கூன் அண்ணே," என்றேன்.

"கட்டலாம். துறையில அதிகாரி கொண்டையைப் பிடிச்சு இழுப்பான். கையோட வரும். அப்புறம் அதையே உன் கழுத்துல கட்டித் தொங்கவிடுவான்." என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "அரைகுறையா முடி இருந்தாத்தான்டா சந்தேகம். சுத்தமா இல்லேன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"எப்படிண்ணே?"

"பிக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிரி மத்தேயோவுக்கு உலகத்திலேயே பிடிக்காத ஆள் புத்த பிக்குதான். பிசாசின் பாதிரி என்பார்.

உடை பரியானில் கூத்து ஆடுகிறவர்களிடமிருந்து வந்தது. மேடையில் கோமாளி பிக்கு போட்டுக்கொள்கிற அங்கி. கையில் தைத்திருந்த ஜிகினா நூலை லிம் கூன் உட்கார்ந்து உட்கார்ந்து பிரித்தார். முதுகில் மட்டும் ஒரு பெரிய சிவப்பு ஒட்டு இருந்தது. அதைப் பிரித்தால் துணி கிழிந்துவிடும்.

"திரும்பி நிக்காத. யார் கூப்பிட்டாலும் முகத்தைக் காட்டியே நில்லு," என்றார். தலையைச் சிரைத்தார். பிறகு ஊதுபத்திப் பொடியைச் சிறு குன்றாக உருட்டி என் உச்சந்தலையில் வைத்தார். "உண்மையான பிக்குன்னா சூடு இருக்கணும். ஒன்பது வைக்கணும். பல்லைக் கடிச்சுக்க."

முதல் சூட்டில் கத்தினேன். இரண்டாவதில் ஏசுவே என்று கூப்பிட்டேன். "அடப்பாவி, இங்க எதுக்குடா அவரைக் கூப்பிடுற?" என்று லிம் கூன் என் வாயைப் பொத்தினார். மூன்றாவதோடு எழுந்து ஓடிவிட்டேன். மூன்றுதான் இருக்கிறது, அக்கா. இப்போதும் மூன்றுதான்.

லிம் கூனே தண்டலிடம் கூட்டிக்கொண்டு போனார். "தெற்கே தீவுகள்ல இருந்து வந்த சாமி. ஊருக்குப் போகணுமாம்," என்றார். தண்டல் என் தலையைப் பார்த்தார், சூட்டைப் பார்த்தார். "ஏறுங்க சாமி. புயல் வந்தா உங்களுக்கு வேலை இருக்கு," என்றார். முடி வெட்டினவனை ஏற்ற மாட்டேன் என்ற அதே மனிதர்.

துறையில் காஸ்தீலா சிப்பாய்கள் இரண்டு பேர் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில், அக்கா, பாதிரி மத்தேயோ. தன் ஆட்கள் யாராவது நழுவுகிறார்களா என்று முகம் பார்த்துச் சொல்ல அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். திரும்பி ஓடப் பார்த்தேன். லிம் கூன் முதுகில் குத்தினார். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

எல்லோரையும் விட்டுவிட்டுப் பாதிரி என்னிடம்தான் வந்தார். பிக்குவைப் பார்த்தால் வாதம் பண்ணாமல் அவரால் இருக்க முடியாது.

"நில்லுங்க. உங்க புத்தர் உலகத்தைப் படைச்சாரா?" என்று நம் பேச்சில் கேட்டார்.

வாயைத் திறந்தால் குரலில் பிடித்துவிடுவார். நான் தரையைப் பார்த்தேன். லிம் கூன் நடுவில் வந்து, "மௌன விரதம் சாமி. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பேச மாட்டார். கேக்குறதை என்கிட்ட கேளுங்க. நான் பேசிப் பேசியே விரதம் இருக்கிறவன்," என்றார். சிப்பாய்கள் அவர் ஆட்டிய கையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பாதிரி சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக, "கடவுள் உங்க கண்ணைத் திறக்கட்டும்," என்று சொல்லி, காற்றில் சிலுவை போட்டார்.

என் கை எழுந்தது, அக்கா. நான் எழுப்பவில்லை. ஒன்றரை வருஷம் தினமும் காலையில் அவர் சிலுவை போட்டால் நானும் நெற்றியில் போட்டுப் பழகிய கை அது. நெற்றிவரை போய்விட்டது. அங்கேயே உயிர் போனது போல நின்றுவிட்டேன். பிறகு கையை இன்னும் மேலே கொண்டுபோய்ச் சூடு வைத்த இடத்தைச் சொறிந்தேன். புண்ணில் நகம் பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பாதிரி என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்பது நாள் கஞ்சி ஊட்டிய முகம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? சிப்பாய் என்னவோ கேட்டான். பாதிரி அவர்கள் பேச்சில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்து நின்றவனிடம் போய்விட்டார். அந்த வார்த்தை என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தேதான் விட்டாரா? தெரியாமல் விட்டாரா? அவர் தெரிந்து விட்டிருந்தால் எனக்காகப் பொய் சொன்னார் என்று அர்த்தம். பொய் சொல்லத் தெரியாதவர் என்று சற்று முன்னால் நானே சொன்னேன்.

கப்பலில் முதல் ஏழு நாள் முகத்தைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். சோறு கொண்டு வந்து வைத்தார்கள். மீனைத் தனியாக எடுத்துவிட்டு வைத்தார்கள். அந்த மீன் மணம் என்னைப் படுத்தியது. எட்டாம் நாள் முற்பகல், நல்ல வெயிலில், கயிறு அறுந்து பாய்மரத்தின் பெரிய கட்டை சுக்கான் பிடிக்கும் பூன் ஐயாவின் மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் நசுங்கிவிட்டது. ஆனால் நினைவு இருந்தது.

"சாமியைக் கூப்பிடுங்க. எனக்கு ஒண்ணு ஓதச் சொல்லுங்க," என்றார்.

எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். நான் முழங்காலிட்டேன். அமிதாப புத்தர் பெயரைச் சொன்னேன். நம் ஊரில் எல்லோரும் சொல்கிற அதே பெயர். மறுபடி சொன்னேன். மறுபடி.

"அது எங்களுக்கே தெரியும் சாமி," என்றார் தண்டல். "அவர் நாப்பது வருஷம் கடல்ல கிடந்த மனுஷன். முழுசா ஓதுங்க."

எனக்கு ஒரு சூத்திரமும் தெரியாது, அக்கா. மலைக்கோயில் திருவிழாவில் பிக்குகள் ஓதும்போது நாம் பின்னால் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர்கள்தானே! முப்பது பேர் என்னைப் பார்க்கிறார்கள். பூன் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், விரல்கள் சில்லிட்டிருக்கின்றன. முழுசாக எனக்கு மனப்பாடமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

கண்ணை மூடிக்கொண்டு லத்தீனில் ஆரம்பித்தேன். நம் பிக்குகள் ஓதுகிறது யாருக்குப் புரிகிறது? அதுவும் பழைய இந்திய பாஷை என்பார்கள். குரலை மட்டும் இழுத்து இழுத்துச் சொன்னேன், மரத்தாளம் தட்டுகிற வேகத்தில். பின்னால் யாரோ ஒருவர் அதற்கேற்ப ஒரு மூங்கிலைத் தட்ட ஆரம்பித்தார். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது முடியும்போது பூன் ஐயாவின் விரல் விட்டுப்போனது. முகம் தூங்குகிற முகமாக இருந்தது. "நல்லா அனுப்பிட்டீங்க சாமி," என்று தண்டல் கும்பிட்டார்.

எங்கே அனுப்பினேன்? அப்பா இருக்கிற இடத்துக்கா, பாதிரி சொல்கிற இடத்துக்கா? இரண்டிலும் கதவைத் திறக்காமல் நடுவில் நிறுத்திவிட்டேனா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் எழுத்தர் ஓங் கஞ்சி கொண்டு வந்தார். (இதை எழுத வேண்டாம் என்கிறார். எழுதுங்கள் அண்ணே, எனக்கு நல்லது செய்தவர் யார் என்று என் அக்காவுக்குத் தெரியட்டும்.)

"சாமி, நல்லா ஓதினீங்க," என்றார். "நான் இதை முன்னாடியே கேட்டிருக்கேன். எங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். பினோந்தோ கோயில் வாசல்ல."

கஞ்சிக் கிண்ணம் கையிலிருந்து சரிந்து மடியில் கொட்டியது.

"சூடு மூணுதானே இருக்கு? அப்பவே நினைச்சேன். இது ஏதோ அரைக்கிணறு தாண்டின ஆளுன்னு."

"அண்ணே, சொல்லிடாதீங்கண்ணே."

"தண்டல்கிட்ட சொல்லாம இருக்க முடியாது தம்பி. நாளைக்கு மாட்டினா அவர் தலை. அதுக்கடுத்து யாரு? ஏறினவங்க பேரை எழுதி வச்ச நான்."

தண்டல் வந்தார். கையில் எதுவும் இல்லை. கத்தி கொண்டு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. என் எதிரில் குந்திக்கொண்டு வெகுநேரம் என் தலையையே பார்த்தார்.

"அது என்னடா மந்திரம்?"

"அப்பாவைக் கூப்பிடுறது முதலாளி."

"யார் அப்பாவை?"

"எல்லாருக்கும் அப்பாவாம். மேல இருக்காராம்."

"பூன் அண்ணனுக்கும் அப்பாவா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

தண்டல் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "என் கப்பல்ல கடலைக் காக்கிற மாச்சோ அம்மா உக்காந்திருக்கா. அவ முன்னாடியே வேற சாமியைக் கூப்பிட்டிருக்க. கட்டை விழுந்தது நீ ஏறினதாலன்னு பசங்களுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க தெரியுமா? நான் எதுவும் பண்ண வேண்டாம். அவங்களே தூக்கிப் போடுவாங்க."

"முதலாளி, எங்கப்பா பலகைக்கு ஊதுபத்தி ஏத்தத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

"அதுக்கு எதுக்குடா முடியைக் குடுத்த?"

"செத்துருவேன்னு நினைச்சேன் முதலாளி."

அவர் சிரித்தார். சிரிப்பு மாதிரி இல்லை அது. "சாகாததுதான் உன் தப்பு," என்றார்.

அன்றைக்கு அவ்வளவோடு போய்விட்டார். நேற்று மாலை கப்பல் இங்கே வந்து நங்கூரம் போட்டது. இன்று காலை மறுபடி வந்து எதிரில் குந்திக்கொண்டு சொன்னார். அதிகாரியின் படகு நாளை மறுநாள் உச்சிவேளையில் வரும். மூட்டையையும் பார்ப்பார்கள், தலையையும் பார்ப்பார்கள். பிக்கு என்றால் அரசாங்கம் கொடுத்த பத்திரம் கேட்பார்கள். பத்திரம் இல்லாத பிக்கு, மொட்டையடித்த கொள்ளைக்காரன். அதற்கு முன் பத்திரத்தோடு ஒரு கோயில்காரர் வந்து, இவன் என் சீடன் என்று என்னைக் கேட்டு வாங்கிப் போனால் சரி. வராவிட்டால் அன்று காலை என்னைக் காவல் தீவுக்கு அப்பால் ஓரமாகத் தெரிகிற பாறையில் இறக்கிவிட்டுவிடுவார்.

"தண்ணி இருக்காதே முதலாளி, அந்தப் பாறையில," என்றேன்.

"தெரியும்," என்றார். எழுந்து போகும்போது திரும்பி, "பூன் அண்ணன் நிம்மதியா போனார். அதுக்காகத்தான் ரெண்டு நாள்," என்றார்.

அந்தப் பாறையை இந்த அறையின் ஓட்டை வழியாகப் பார்க்க முடிகிறது, அக்கா. கருப்பாக இருக்கிறது. மேலே பறவை எச்சம் வெள்ளையாக. அலை வந்தால் பாதி மறைகிறது. காலையிலிருந்து அதையே பார்க்கிறேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தால் இன்னும் பார்க்கிறேன்.

ஓங் அண்ணன்தான் ஒரு வழி யோசித்தார். உனக்குத் தெரிந்த கோயில் எதுவுமே இல்லையா என்றார். அப்போதுதான் மலைக்கோயில் ஹுய்பான் சாமி ஞாபகம் வந்தார். அவரிடம் என் வயதில் ஒரு சீடன் இருந்தான். நான் ஊரை விட்டுக் கிளம்பிய வருஷம் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். அவன் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க ஹுய்பான் சாமி அரசாங்க வாசலுக்குப் போகவே இல்லை, இன்னும் கோயிலில்தான் கிடக்கிறது என்று அத்தான் அன்றைக்குச் சொல்லிச் சிரித்தார். அது இப்போதும் இருக்குமா தெரியாது. எலி தின்றிருக்கலாம்.

ஹுய்பான் சாமி பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், பொய் வேண்டாம், நிஜமாகவே சீடனாக வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள். மீதி ஆறு சூட்டையும் அவரே வைக்கட்டும். இந்தத் தடவை எழுந்து ஓட மாட்டேன். கல்யாணம் வேண்டாம், வீடு வேண்டாம். அப்பாவின் பலகையை மட்டும் கோயிலுக்குக் கொண்டுவர விட்டால் போதும். பாதிரியின் கடவுளை விட்டுவிட்டாயா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. ராத்திரியெல்லாம் இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன். யார் காதில் விழுகிறது என்று தெரியவில்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கணவாய் மீன் பிடிக்க வந்த ஒரு படகுக்காரரிடம் ஓங் அண்ணன் கொடுத்து அனுப்புகிறார். தாபே கரையில் கோ பெங் வீடு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். என் அக்காவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அத்தான் கடலுக்குப் போயிருக்கலாம். பள்ளிக்கூட வாத்தியார் படிக்கலாம், சந்தையில் யாராவது படிக்கலாம். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும் சரி. என் அக்கா சியோக்கிமைத் தனியாகக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள். முடி வெட்டியது, தண்ணீர் ஊற்றியது, பாறை, இந்த மூன்றையும் அம்மா காதில் போட வேண்டாம். படித்து முடித்ததும் காகிதத்தை எரித்துவிடுங்கள். அக்காவால் மலையேற முடியாது, அவளுக்கு இது எட்டாம் மாதமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். அதனால் நீங்களே மலைக்கோயிலுக்குப் போய் ஹுய்பான் சாமியைப் பத்திரத்தோடு கூட்டிக்கொண்டு, நாளை மறுநாள் விடிவதற்குள் சுவா தண்டலின் கப்பலுக்கு வாருங்கள். பச்சைக் கண் வரைந்த கப்பல். தயவுசெய்து இன்றைக்கே கிளம்புங்கள்.